எங்கும் சேராத குமிழ்

மேசைமேல் மூன்று வால்யூம் கண்ட்ரோல்கள், கிட்டாரின் குமிழுக்கு அடியில் மாட்டுகிறவை. இருநூற்றைம்பது கே, ஐநூறு கே, ஒரு மெக், அதாவது ஆயிரம் கே. மூன்றும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய ஒரு ரூபாய் அகலத்தில் தகர மூடி, நடுவில் ஒரு தண்டு, ஓரத்தில் மூன்று கால். இவற்றில் எதைத் தனிஸ்லாஸின் கிட்டாருக்குள் வைத்துப் பற்றவைப்பது என்று காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷமாகப் பொன்மலையில் கிட்டார் பிரித்து மாட்டுகிறவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நரம்பின் அதிர்வை வாங்குகிற பிக்கப் அவனுடைய கிட்டாரில் ஒற்றைச் சுருள், அதற்கு இருநூற்றைம்பது. இரட்டைச் சுருளாக இருந்தால் ஐநூறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிக்கப்பிலிருந்து வருகிற சத்தத்தில் ட்ரெபிள் என்கிற கூர்மையான சத்தம் ஓர் அவசரக்காரன், வழி கிடைத்தால் கசிந்து ஓடிவிடுவான். கண்ட்ரோலின் எண் சின்னதாக இருந்தால் அவனுக்கு வழி பெரிது. கொஞ்சம் ஓடிப்போவான், மிச்சமிருப்பது உருண்டையாக, காதுக்கு இதமாக இருக்கும். எண் ஏற ஏற வழி அடைபட்டு அவன் முழுசாக ஆம்ப் வழியாக வெளியே வந்து விழுவான். இந்தப் பிக்கப்புக்கு ஒரு மெக் வைத்தால் எவர்சில்வர் தட்டில் ஆணியால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். மனுஷன் வைப்பானா அதை. நான் வைக்கலாம் என்றிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும், அந்த நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய இசைக்குழுவுக்கு நாற்பதாம் ஆண்டு விழா, எண்ணூறு நாற்காலி போட்ட மண்டபம், நடுமேடையில் தனிஸ்லாஸ், இந்தக் கிட்டார். அவன் வருவதற்கு முன்னால் எல்லாம் சேர்த்து என் கையில் இரண்டு மணி நேரம்.

அவனுக்குக் காது போய்விட்டது. இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவி எமல்டாவிடம்கூட. முழுக்கப் போகவில்லை, மேல் பாதி மட்டும். பேஸ் கேட்கிறது, பேச்சு முக்கால்வாசி கேட்கிறது, கூர்மையான சத்தம் எதுவும் அவன் பக்கம் போவதில்லை. அது அவனுக்குத் தெரியாது. இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்தான், "மந்தமா இருக்குடா சூசை, கம்பளியப் போத்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான். வாசித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. சரி, இவனுக்கு வயசாகி ருசி மாறியிருக்கும் என்று ஐநூறு போட்டுக் கொடுத்தேன். நாலே நாளில் திரும்ப வந்தான், இன்னும் மந்தம் என்றான். அன்றைக்குத்தான் மேசையில் மீட்டரை வைத்து வயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முனை இரண்டும் சேர்ந்தால் மீட்டர் பீப் என்று கத்தும், தெருமுனைவரை கேட்கும். கத்தியது. என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டு அவன் கேட்டான், "ஏன்டா, மீட்டர் சத்தமே போடல? செத்துப்போச்சா?" நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறான். வயிற்றுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது, பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவனை வாசிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான், அது அவனுடைய பெரிய ஸ்டைல். அவன் வாசிக்க வாசிக்க ஆம்பின் ட்ரெபிளை மெல்லத் திருகி முழுக்க மூடினேன். சாக்குக்குள் கட்டிப்போட்ட மாதிரி ஆனது சத்தம். முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே, விழவில்லை. திரும்ப முழுக்கத் திறந்தேன். அதே முகம், அதே புன்னகை. அப்போதுதான் தெரிந்தது, வயிற்றில் இறங்கியது பயம் இல்லை. சந்தோஷம்.

சொல்லியிருக்கலாம். மாப்ள, கிட்டார்ல ஒண்ணும் இல்ல, தில்லைநகர்ல காது டாக்டரப் பாரு. பத்து வார்த்தைகூட இல்லை. நாக்குவரை வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அது எழுந்து வெளியே போகாததற்குக் காரணம் லால்குடி. முப்பத்தொரு வருஷம் ஆகிறது. லால்குடி கல்யாண மண்டபத்தில் எங்கள் குழுவின் கச்சேரி முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. தனிஸ்லாஸின் கிட்டாரில் நரம்பு அறுந்திருந்தது, அதை மாற்றிக்கொண்டிருந்தேன். நானும் கிட்டார்தான் வாசித்தேன் அப்போது, அவன் பாட்டுக்கு முன்னால் வருகிறதை, நான் பின்னால் அடிக்கிறதை. ஆனாலும் அவன் நரம்பை நான்தான் மாற்றுவேன், பழக்கம் அப்படி. மாற்றி முடித்து, சுருதி சேர்த்து, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் திரைச்சீலைவரை வந்தேன். உள்ளே, குழுவை நடத்துகிற சேவியர் மாஸ்டரிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான், வாயில் கேசரி, அந்தக் கேசரிச் சத்தத்தோடேயே. "அடுத்த ப்ரோக்ராமுக்கு சூசை வேணாம் மாஸ்டர். அவன் வாசிக்கிறது அவனுக்கே கேக்கல." மாஸ்டர் ஏதோ இழுத்தார். அவன் சிரித்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை, கோபத்தில் சொன்னது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். கேசரி நல்லா இருக்கு என்பதைப் போலச் சொன்னான். நான் திரையை விலக்கி உள்ளே போய், அவன் கிட்டாரை அவன் நாற்காலியில் சாய்த்து வைத்தேன். "டேங்ஸ்டா" என்றான். அவ்வளவுதான் என் மேடை. பிறகு நான் இந்த அறையில் கடை போட்டபோது முதல் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவனே. பெரிய மனசு. அன்றிலிருந்து குழுவின் கச்சேரி எதற்கும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

அவன் வாசிக்கிறது அவனுக்கே கேக்கல. ஏழு வயசுப் பிள்ளை எழுதினது மாதிரியான இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை திருப்பிப் போட்டிருக்கிறேன். ஈயம் உருகும்போது, பல் தேய்க்கும்போது, பூசையில் மண்டியிட்டிருக்கும்போது. இப்போது அது நடந்து நடந்து, சொன்னவன் வாசலிலேயே போய் நிற்கிறது. இவன் வாசிக்கிறது இவனுக்கே கேட்கவில்லை. சாமி இருக்கிறார் என்று எமல்டா சொல்வாள், இந்த ஒரு விஷயத்தில் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணம் இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரு முள்ளில் மாட்டிக்கொள்கிறது, அதைத் தாண்டிப் போகமாட்டேன் என்கிறது. மீட்டரை எடுத்து முனை இரண்டையும் சேர்க்கிறேன். பீப். எனக்குக் கேட்கிறது. தினமும் காலையில் கடை திறந்ததும் இதைச் செய்கிறேன், அந்த நாளிலிருந்து. பீப். நன்றாகவே கேட்கிறது. ஐநூறு என்று போட்ட கண்ட்ரோலை அளக்கிறேன், நானூற்று முப்பது காட்டுகிறது. எல்லாம் இப்படித்தான். மூடியில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது வேறு, அளக்காமல் எதையும் வைக்கக்கூடாது. முள் இன்னும் இருக்கிறது. சரி, அதையும் சொல்லித் தொலைக்கிறேன். அந்தக் கேசட். மணப்பாறையில் ஒரு கல்யாணத்தில் நாங்கள் வாசித்து, மைக்செட்காரர் பதிவு பண்ணியதை, நான் குழுவை விட்டுப் பல வருஷம் கழித்து யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்டேன். என் கிட்டார் தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு அடியும் ஒரு நூல் தாமதம். பாட்டு முன்னால் போக, நான் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறேன். தாமதம்கூடப் பெரிசில்லை. வாசிக்கிறவன் எவ்வளவு சந்தோஷமாக வாசிக்கிறான் என்பது கேட்டது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டேப்பை உருவிக் கொல்லையில் கொளுத்தினேன். என்ன நாத்தம் இது என்று எமல்டா கேட்டாள், வயர் என்றேன். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

மணி பதினொன்று ஐந்து. சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது, மிளகாய் வாசனை இங்கேவரை வந்து தும்மல் வருகிறது. இருநூற்றைம்பதைக் கையில் எடுக்கிறேன். இதை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை எண்ணூறு பேருக்கும் நன்றாகக் கேட்கும், அவன் ஒருவனுக்கு மட்டும் கம்பளி. சூசைக்குக் கை போய்விட்டது, வேலை தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்வான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு. ஒரு மெக் வைத்தால், ஆம்பைத் திருகியும் எட்டாத கூர்மை எட்டும், அவன் ஒருவனுக்கு நன்றாகக் கேட்கும், எண்ணூறு பேரும் காதைப் பொத்துவார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, புன்னகையோடு, ஸ்டைலாக வாசித்துக்கொண்டிருப்பான். முன்வரிசையில் பழைய ஆட்கள் எல்லாம் இருப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். என்னாச்சு இவனுக்கு. யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்வார், இவன் வாசிக்கிறது இவனுக்கே கேக்கலையே. சொல்லித்தான் ஆகவேண்டும், வேறு வார்த்தையே கிடையாது அதற்கு. நான் அங்கே இருக்கவேண்டியதில்லை. இங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாலும் அது எனக்குக் கேட்கும். எமல்டா கதவோரம் வந்து நின்று, "இன்னும் அந்தாள் வேலைய முடிக்கலையா? ஒரு மணி நேரமா ஒரு ஸ்க்ரூவக்கூடக் கழட்டல நீங்க" என்றாள். "யோசிக்கிறேன்" என்றேன். "யோசிக்கிற மூஞ்சியா இது" என்று போய்விட்டாள். இருநூற்றைம்பதை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

பற்றவைக்கிற அயர்ன் சூடாகிவிட்டது. பழைய ஐநூறைக் கழற்றினேன், ஒரு மெக்கை வைத்தேன். ஈயம் கண்ட்ரோலின் காலில் பட்டுப் பளபளவென்று உருண்டு உட்கார்ந்தது. அயோக்கியத்தனத்துக்கென்று தனியாக ஈயம் ஒன்றும் கிடையாது, அதேபோல அழகாகத்தான் பிடிக்கிறது. மூடியின் முதுகில் எர்த் வயர். புகையை ஊதிவிட்டேன். இனி டோன் குமிழ். அதைத் திருகினால் ட்ரெபிள் குறையும், கெப்பாசிட்டர் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். அப்படி ஒரு வழி இருந்தால் மேடையில் பக்கத்தில் நிற்கிற எவனாவது திருகிக் காப்பாற்றிவிடுவான். வேண்டாம். டோன் கண்ட்ரோலுக்கு வருகிற வயரை வெட்டினேன். கெப்பாசிட்டரைத் தூக்கிவிட்டேன். குமிழ் மட்டும் அதன் இடத்திலேயே இருக்கும், திருகினால் சொகுசாகச் சுற்றும், உள்ளே எதிலும் சேராது. எங்கள் தொழிலில் இதற்குத் தாயத்து என்று பெயர். எதைச் செய்து கொடுத்தாலும் திருப்திப்படாத ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒன்று வைத்து, இதைத் திருப்பிப் பாருங்கள் சார் என்போம். திருப்புவார்கள், ஆகா என்பார்கள், இப்பத்தான் சரியாச்சு என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். மைக்செட்காரர்களும் செய்வார்கள், கல்யாண வீட்டு மாமாக்களுக்கென்றே ஒரு செத்த குமிழை விட்டுவைப்பார்கள். திருகுகிறவனுக்குச் சந்தோஷம், பாட்டுக்குச் சேதம் இல்லை. பாவமும் இல்லை. இதுவரை இல்லை. மூடியை மாட்டி, ஆம்பில் செருகி, ஒரு தட்டு தட்டினேன். கடைவாய்ப்பல் கூசியது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. இன்னொரு தட்டு. இது கிட்டார் இல்லை, அரத்தில் போட்டுத் தேய்க்கிற கத்தி. இதை ஒரு பெண் பிள்ளையின் தகப்பன் மேடையில் வாசிக்கப்போகிறான் என்று ஓர் எண்ணம் வந்தது, வேண்டாத விருந்தாளி மாதிரி. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, மாற்றிவிடலாம், நாலைந்து இடம்தான் பற்றவைக்க வேண்டும். அயர்னை எடுத்தேன். டேங்ஸ்டா என்று வாயில் கேசரியோடு சொன்ன சத்தம் கேட்டது. அயர்னின் சுவிட்சை அணைத்தேன்.

சங்கு ஊதி முடியவில்லை, வாசலில் பைக் சத்தம். தனிஸ்லாஸ் மட்டும் இல்லை, பின்னால் அவன் மகள் ஜெனிட்டா. அவளைச் சின்னப் பிள்ளையில் பார்த்தது, இப்போது இருபத்தைந்து இருக்கும், காலிக் கிட்டார்ப் பையைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் வருகிறாள். அவன் வழக்கம்போல வாசலிலிருந்தே கத்தினான். "மாப்ள! ரெடியா? இந்தத் தடவையும் மந்தமா இருந்துச்சு, உன் கடைக்கே தீ வெச்சிருவேன்!"

"வாசிச்சுப் பாரு" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது, அதில் எனக்கே ஒரு பெருமை.

ஸ்டூலில் உட்கார்ந்தான், கண்ணை மூடினான், வாசித்தான். அறை முழுக்கத் தகரம் கிழிந்தது. ஜெனிட்டாவின் தோள் இரண்டும் மேலே ஏறின, பல்லைக் கடிப்பது தாடையில் தெரிந்தது. சமையலறையில் மிக்ஸி நின்றது. அவன் மட்டும் மெல்ல மெல்ல மலர்ந்தான். இதுவரை இல்லாத ஒன்று அவனுக்குத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

"ஆ!" என்றான். "இதுடா! இதத்தான்டா ரெண்டு மாசமா கேட்டேன்! ஜெனி, கேக்குதா? எப்படி மணி மாதிரி இருக்கு பாரு!"

"அந்த டோனத் திருப்பிப் பாரு" என்றேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆசை விடவில்லை.

திருப்பினான். முழுக்க இந்தப் பக்கம், முழுக்க அந்தப் பக்கம். "அடடா, எவ்வளவு வித்தியாசம்! வெண்ணெய் மாதிரி இறங்குது" என்றான்.

ஜெனிட்டா குனிந்தாள். அப்பா வாசிக்க வாசிக்க, அவளே அந்தக் குமிழை ஒரு தடவை திருப்பினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு குமிழ் எதிலும் சேரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க நல்ல காதுக்கு இரண்டு விநாடி போதும். சொல்லப்போகிறாள், அப்பா இது வேலையே செய்யல என்று சொல்லப்போகிறாள், என் முப்பத்தொரு வருஷமும் இந்த அறையிலேயே அம்மணமாக நிற்கப்போகிறது.

"ஆமாப்பா" என்றாள் உரக்க. "நல்லா வித்தியாசம் தெரியுது."

பிறகு, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற மெல்லிய குரலில், அவனுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டே கேட்டாள். "எத்தன நாளாத் தெரியும் அங்கிள் உங்களுக்கு?"

அவன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நரம்பை மீட்டிக்கொண்டிருந்தான். ஒரு முழ தூரம் இருக்காது. ஒரு சொல்கூட அவன் பக்கம் போகவில்லை.

"ரெண்டு மாசமா" என்றேன். என் குரலும் தானாகவே தணிந்துவிட்டது.

"எங்களுக்கு ரெண்டு வருஷமா. குழுவுல எல்லாருக்கும் தெரியும். மிக்ஸர்ல நான்தான் உக்காருறேன். மேடையில அப்பா கிட்டார் லைன பெரிய ஸ்பீக்கருக்கு நாங்க திறக்கிறதே இல்ல. அவருக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆம்ப், அவருக்கு மட்டும். கிட்டார் வர்ற இடத்த எல்லாம் கீபோர்டுல எடுத்துருவாங்க. ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான்." கிட்டார்ப் பையின் ஜிப்பைத் திறந்தாள். "நீங்க உள்ள என்ன வெச்சாலும் வெளிய யாருக்கும் கேக்காது அங்கிள். பேசாம நல்லதாவே வெச்சிருக்கலாம்."

"என்னம்மா சொல்ற?" என்றான் தனிஸ்லாஸ்.

"அங்கிள் நல்லா பண்ணியிருக்காருன்னு சொல்றேன்ப்பா!"

"பின்ன! சூசைனா சும்மாவா!" கிட்டாரைப் பைக்குள் படுக்க வைத்தான், குழந்தையைப் படுக்க வைப்பதுபோல. எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். உள்ளங்கை சூடாக இருந்தது. "இந்த ஊர்ல என் சத்தம் என்னன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா. சத்தியமா சொல்றேன், உன் காது மாதிரி யாருக்கும் வராது." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஜிப்பை இழுத்து மூடினாள். முப்பத்தொரு வருஷமாக இவன் வாயிலிருந்து இதை வாங்கத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. வாங்கியாயிற்று. அவன் வாசலில் செருப்பைத் தேடினான். மேசைமேல் இருநூற்றைம்பது போட்ட டப்பா மூடியபடி இருந்தது, பற்றவைத்தால் கால்மணி நேர வேலை, ஒரு வார்த்தை சொல்லி அவனை உட்காரவைத்தால் போதும். அந்த வார்த்தை இப்போதும் நாக்குவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பைக்கில் ஏறிக்கொண்டு அவன் கத்தினான். "ஞாயித்துக்கிழமை வந்துரு மாப்ள! சாக்குச் சொன்னா உதைப்பேன். மொத வரிசையில நடுச் சீட்டு உனக்குத்தான். நீ உக்காந்து கேட்டாத்தான் எனக்கு வாசிச்ச மாதிரி இருக்கும்!"

ஜெனிட்டா பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.

"வர்றேன்டா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை, "என்ன?" என்றான். வாசல்படிக்கு இறங்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.